மருத்துவ மாணவருக்கு மிஸ்ஸி வேலை: லேபா, வார்டா, சீனியரா?

என் அக்கா மகள் கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளர். போன பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பினாங்கு வந்தவள், ஆயர் ஈத்தாம் வீட்டில் பையை இறக்கி வைத்த கையோடு மூன்று தாளை எடுத்து மேசையில் பரப்பினாள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 120 பேர். மூன்றாம் ஆண்டில் அவர்கள் வார்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன் அடிப்படைத் தாதிமைத் திறன்களை, அதாவது நாம் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் செய்யும் வேலைகளை, கற்றுக் கொடுத்துவிட வேண்டும். கையில் இருப்பது பத்து வேலை நாள். எப்படி என்பதற்குத்தான் மூன்று தாள், மூன்று யோசனை. "சின்னம்மா, நீங்க முப்பது வருஷத்துக்கு மேல வார்டுல இருந்தவங்க. எது சரின்னு சொல்லுங்க" என்றாள்.

முதல் தாளில் லேப். கல்லூரியில் இருக்கும் பயிற்சிக் கூடத்தில் பொம்மைகளை வைத்து, தாதிமை டியூட்டர்கள் சொல்லிக் கொடுப்பது. இரண்டாவதில் வார்டு. மாணவர்களை நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தாதிகளின் ஷிஃப்டில் சேர்த்துவிடுவது. மூன்றாவதில் சீனியர். நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களே ஜூனியர்களுக்குக் கற்றுத் தருவது. ஒவ்வொன்றுக்கும் கீழே செலவுக் கணக்கு போட்டிருந்தாள். லேபுக்கு டியூட்டர் சம்பளம், பொம்மைத் தோல், ஊசி, கையுறை என்று பட்டியல் நீண்டது. சீனியருக்குச் சாப்பாட்டுக் காசும் ஒரு சான்றிதழும். வார்டுக்கு பஸ் வாடகை மட்டும். "தாதியர் நேரம்" என்று எழுதி, எதிரே ஒரு சைபர். என் கண் அந்தச் சைபரில் போய் நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தாளில் இல்லாத நாலாவது யோசனை ஒன்றும் உண்டு. அவளோடு வேலை செய்யும் மூத்த டாக்டர்கள் சிலர், "இதெல்லாம் எதுக்கு, ஹவுஸ்மென் ஆனா தானா வந்துடும்" என்கிறார்களாம். இதை முதலில் முடித்துவிடலாம். மலேசியாவில் ஹவுஸ்மென் பயிற்சி, அதாவது படிப்பை முடித்த புது டாக்டர்கள் ஆஸ்பத்திரியில் எடுக்கும் பயிற்சி, 2008இலிருந்து இரண்டு வருடம். நான்கு நான்கு மாதமாக ஆறு துறை. அரசாங்க வார்டில் இரத்தம் எடுப்பது, பிரானுலா (மருந்து ஏற்றக் கையில் செருகும் சின்னக் குழாய்) போடுவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழும். முதல் சில நாள் 'டேகிங்' என்று ஒரு சீனியர் பின்னால் சுற்றுவார்கள். அந்தச் சீனியரே வேலைக்கு வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருக்கும், தூக்கமும் இருக்காது. தானாக வரும் என்பது உண்மைதான். ஆனால் வார்டில் படுத்திருக்கும் பாட்டியின் கை மேல்தான் வரும். காலையில் அந்தக் கையில் நாலு இடத்தில் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்கள் யாரும் இந்த யோசனைக்குத் தலையாட்ட மாட்டார்கள்.

மற்ற மூன்றையும் எடைபோட நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன். மாணவன் ஒரு வேலையை நோயாளி மேல் முதல் தடவையாகச் செய்யும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்? செலவு, நேரம், தேர்வு எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

லேபின் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாங்கள் பயிற்சி எடுத்த காலத்தில் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகினோம். அடுத்தது நேரே ஆள்தான். இன்று ரப்பர் கை இருக்கிறது, உள்ளே சிவப்புத் தண்ணீர் ஓடும் குழாய் இருக்கிறது. இருபது தடவை தப்பாகக் குத்தினாலும் அந்தக் கை "ஐயோ" என்று இழுத்துக்கொள்ளாது. டியூட்டர் நல்லவராக அமைந்தால் லேபில் ஒரு வேலையை முறையாகப் படிப்படியாகக் கொடுக்கலாம். பெய்டன் என்ற அறுவை மருத்துவர் 1998இல் எழுதிய நாலு படி முறை எனக்குப் பிடித்தது. முதலில் டியூட்டர் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவார். இரண்டாவது தடவை ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வார். மூன்றாவதில் மாணவன் வாயால் சொல்லச் சொல்ல டியூட்டர் செய்வார். நாலாவதில்தான் மாணவன் தானே சொல்லித் தானே செய்வான். மூன்றாவது படியில்தான் குட்டு வெளிப்படும். "இப்ப ஊசியை எடுத்துடுங்க" என்று மாணவன் சொன்னதும், டூர்னிக்கேயை, அதாவது கையில் இறுக்கிக் கட்டிய பட்டையை, கழற்றாமலேயே எடுத்துக் காட்டுவேன். சிவப்புத் தண்ணீர் மேசையெல்லாம் ஓடும். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் டூர்னிக்கேயை மறந்ததில்லை.

சரி, லேபில் என்ன குறை? ரப்பர் கையில் நரம்பு (இரத்தக் குழாய்) எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கும். மூன்றாவது குழு வரும்போது, எங்கே குத்த வேண்டும் என்று முந்தைய குழுக்கள் போட்ட ஓட்டைகளே காட்டிக் கொடுத்துவிடும். உண்மையான பாட்டிக்கு 'இனிப்பு நீர்' (நீரிழிவு) இருக்கும், கை வீங்கியிருக்கும், நரம்பு தொட்டால் நழுவும். பச்சை பிரானுலா, அதாவது பெரியது, வேண்டும் என்று டாக்டர் கேட்டிருப்பார். அந்தக் கையில் சின்னதான நீலம் போவதே பெரிய பாடு. சிறுநீர் டியூபும் இப்படித்தான். சிறுநீர் வந்த பிறகுதான் டியூபின் நுனியில் இருக்கும் பலூனில் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்பது பால பாடம். பொம்மையில் டியூபை நுழைத்தால் தண்ணீர் தவறாமல் வரும், மாணவனும் உடனே ஊதுவான். ஆளிடம் வராமல் போகும்போது நிறுத்தி யோசிக்க வேண்டும், ஆணுக்கு டியூபைக் கடைசி வரை உள்ளே விட்டுத்தான் ஊத வேண்டும் என்பதெல்லாம் பொம்மை சொல்லித் தராது. டியூட்டர்தான் வேண்டுமென்றே தண்ணீரை அடைத்து வைத்துக் கற்றுத் தர வேண்டும். அப்படி அடைத்து வைக்கிற டியூட்டர் எத்தனை பேர்?

தேர்வுக்கு லேப் பொருத்தமானது என்று அவள் வாதாடினாள். அதுவும் சரிதான். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் ஹார்டன் என்ற மருத்துவக் கல்வியாளர் கொண்டுவந்த ஓஸ்கி தேர்வு முறைதான் இன்று எல்லாக் கல்லூரியிலும். மணியடித்தால் அடுத்த மேசை, ஒவ்வொரு மேசையிலும் ஒரு வேலை. ஆனால் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் 1990இல் போட்டுக் காட்டிய பிரமிடை அவளே வகுப்பில் நடத்துகிறாள்: தெரிந்திருப்பது, எப்படி என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, நிஜமாகச் செய்வது. லேப் மூன்றாம் படி வரைக்கும்தான் ஏற்றிவிடும்.

சீனியர் யோசனையை நான் முதலில் ஏளனமாகத்தான் பார்த்தேன். அவள் விளக்கிய பிறகு பாதி மனம் மாறினேன். ஜூனியர்கள் டியூட்டரிடம் கேட்கக் கூச்சப்படுவதைச் சீனியரிடம் கேட்பார்கள். "அண்ணா, எனக்கு ஒண்ணுமே கேட்கல" என்று ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டு ஒப்புக்கொள்வது சீனியரிடம்தான் நடக்கும். பிரஷர் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1905இல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர் கண்டு சொன்ன சத்தத்தை வைத்துத்தான் இன்றைக்கும் கையால் பார்க்கிறோம். அதைக் காதுக்குப் பழக்குவதற்குப் பேராசிரியர் தேவையில்லை. பத்து நண்பர்களின் கையும் பொறுமையும் போதும். பட்டையின் காற்றுப் பை கையை 80 சதவீதமாவது சுற்ற வேண்டும், சின்னப் பட்டை போட்டால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். நோயாளி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். காற்றை நொடிக்கு 2 மில்லிமீட்டர் அளவில் மெதுவாக விட வேண்டும். பொறுமையில்லாதவன் சர்ரென்று திறந்துவிட்டால் மேல் எண் குறைந்தும் கீழ் எண் கூடியும் போகும். இதையெல்லாம் சீனியர்கள் நன்றாகவே சொல்லித் தருவார்கள். கை கழுவுவதும் அப்படித்தான்.

ஆனால் சீனியரிடம் தப்பும் பரம்பரைச் சொத்தாக வரும். மூக்கு வழியாக வயிற்றுக்கு விடும் டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சால் காற்றை அடித்து வயிற்றில் 'புஸ்' சத்தம் கேட்கிறதா என்று ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது பழைய வழக்கம். நுரையீரலில் இருக்கும் டியூபும் அதே மாதிரி சத்தம் கொடுத்து ஏமாற்றும் என்பதால் அதை நம்பக்கூடாது. டியூப் வழியே உறிஞ்சிய நீரை அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் தொட்டுப் பார்த்து, 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் பால் ஊற்றலாம். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. இவ்வளவு தெரிந்த பிறகும் அந்த 'புஸ்' சாகவில்லை. ஏன்? ஒரு சீனியர் இன்னொரு ஜூனியருக்கு, "இப்படித்தான் எல்லாரும் செய்றாங்க" என்று கைமாற்றிக் கொண்டே இருக்கிறார். மூச்சு எண்ணுவதும் இதே கதைதான். ஒரு நிமிடம் முழுக்க நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். வார்டில் சார்ட்டைப் புரட்டினால் அத்தனை பேரும் நிமிடத்துக்குச் சரியாக 20 தடவை மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

வார்டைப் பற்றி என்னால் சுருக்கமாகப் பேச முடியாது, மன்னியுங்கள்.

மருத்துவ மாணவனுக்கு எதற்குத் தாதி வேலை என்று கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். வார்டு ரவுண்டில் டாக்டர் சார்ட்டில், "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடவும்" என்று எழுத மூன்று நொடி ஆகும். 28 படுக்கை வார்டில் எட்டுப் பேருக்கு அப்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள். ஒருவரைத் திருப்பிப் போட இரண்டு தாதி வேண்டும். அடியில் இருக்கும் துணியை இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்து, "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிச் சேர்ந்து தூக்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முழங்காலுக்கு நடுவில் ஒன்று வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்து, டியூப் எதுவும் அடியில் மாட்டவில்லை என்று தடவிப் பார்க்க ஐந்து நிமிடம். எட்டுப் பேருக்கு 40 நிமிடம். இரண்டு தாதியின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு வரிக்கே போய்விடும். தானே ஒரு தடவை பிடித்துத் தூக்கிய மாணவன் நாளை டாக்டராகி அந்த வரியை எழுதும்போது, யாருக்கு உண்மையில் தேவை என்று பார்த்து எழுதுவான். குதிகாலையும் தூக்கிப் பார்ப்பான். ரவுண்டில் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்க்கும் டாக்டர்களை என் அனுபவத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்புறம் பேச்சு. எங்கள் வார்டில் ஒரு முறை, தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு தாத்தாவிடம் ஒரு தமிழ்ப் பையன், "ஐயா, மலம் கழித்தீர்களா?" என்று கேட்டான். தாத்தா செய்தி வாசிப்பவரைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தார். பக்கத்துப் படுக்கைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த மலாய்த் தாதி தலையைத் திருப்பாமலேயே, "தாத்தா, வெளிக்கு ஆச்சா?" என்றாள். "மூணு நாளாச்சும்மா" என்று பதில் வந்தது. பையன் முகம் போன போக்கை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அவனைக் குறை சொல்லவில்லை. அவன் படித்ததெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும், வீட்டில் யாரும் அவனிடம் இதைப் பேசியிருக்க மாட்டார்கள். எந்த லேபில் இதைக் கற்றுக்கொள்வான்? பெட்பேன் வைப்பதற்கு முன் திரையை இழுத்து விடுவது, நனைந்த போர்வையைப் பற்றிச் சத்தமாகப் பேசாமல் இருப்பது, ஊட்டும்போது அடுத்த கரண்டிக்கு முன் விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்ப்பது எல்லாம் தாதியின் பக்கத்தில் நின்றால்தான் வரும். ஜெர்மனியில் மருத்துவம் படிக்கிறவர்கள் முதல் அரசாங்கத் தேர்வுக்கு முன் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்த்தே ஆக வேண்டும். மூன்று மாதம்! இங்கே மூன்று நாள் கேட்டால் கால அட்டவணையில் இடமில்லை என்கிறார்கள்.

வார்டில் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. வியன்னாவில் 1840களில் ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த வார்டில்தான் தாய்மார்கள் அதிகமாகச் செத்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டுபிடித்து, 1847இல் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவ வைத்தார். சாவு சரேலென்று குறைந்தது. மாணவன் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கிருமியைச் சுமந்துபோகும் ஆபத்து இன்றும் அப்படியேதான் இருக்கிறது. கையில் மருந்து தேய்க்க 20 முதல் 30 நொடி, சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 நொடி என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைப் பழகாமல் வார்டுக்குள் விடவே கூடாது. ஊசி குத்திக்கொள்ளும் பயமும் உண்டு. எச்ஐவி இரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஆயிரத்தில் மூவருக்குத் தொற்றலாம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு அந்த ஆபத்து நூற்றில் ஆறு முதல் முப்பது வரை.

இப்போது அந்தச் சைபருக்கு வருகிறேன். அதற்கு என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருமையான கதை இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த ஒரு வார்டுக்கு மருத்துவ மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக வந்து இறங்குவார்கள். கூடவே யாரும் வர மாட்டார்கள். கவுண்டர் பக்கத்தில் கூட்டமாக நிற்பார்கள், ஷிஃப்டு முடியும் நேரத்தில், எந்தெந்த வேலையைச் செய்தார்கள் என்பதற்குக் கையெழுத்து வாங்கும் புத்தகத்தோடு நம்மைத் தேடுவார்கள். ஒரு நாள் மத்தியானம் 2 மணி, ஷிஃப்டு மாறும் நேரம். ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், மருந்து கணக்கு முடிக்க வேண்டும். ஒரு பையன், "மிஸ்ஸி, இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான்" என்று வந்து நின்றான். மூக்கு டியூப். அவன் நான் போடுவதைக் காலையில் நின்று பார்த்தான், போடவில்லை. எனக்குத் தெரியும். இருந்தும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவன் வேறு ஷிஃப்டில் இருந்தபோது, அங்கே இருந்த தாதி புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "நீதான் ஏற்கெனவே செஞ்சிருக்கியே, அந்த ஏழாம் நம்பருக்குப் போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டாள். அவளும் பாவம், மூன்று பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்யத் தெரியாது என்று சொல்ல இவனுக்கு வெட்கம். மூக்கிலிருந்து காது மடலுக்கும் அங்கிருந்து நெஞ்செலும்பின் நுனிக்கும் அளந்தானாம், அது வரைக்கும் சரி. ஆனால் தலையை முன்னால் குனிய வைக்கவில்லை, தண்ணீர் உறிஞ்சி விழுங்கச் சொல்லவில்லை. அந்த அம்மா இருமி, மூச்சு முட்டி, மூக்கில் இரத்தம். நல்ல வேளை, சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் டியூபை உருவிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. புத்தகத்தில் கையெழுத்து அப்படியே இருந்தது.

வார்டு யோசனையில் தாதியர் நேரத்துக்குச் சைபர் போட்டால் நடப்பது இதுதான். தாதிமை மாணவிகள் வார்டுக்கு வரும்போது அவர்கள் கல்லூரியிலிருந்து கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர், சிஐ என்போம், கூடவே வருவார். கையைப் பிடித்துக் காட்டுவார், தப்பு செய்தால் அங்கேயே தடுப்பார். மருத்துவ மாணவர்களுக்கு யார் வருகிறார்கள்? ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் வருவார், கேஸ் விளக்குவார், போய்விடுவார். பெட்பேன் வைக்க அவர் சொல்லித் தர மாட்டார்.

"அப்ப நாமளும் சிஐ வைக்கணும்னு சொல்றீங்களா?" என்று பேனாவை எடுத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்கு போட்டோம். ஒரு மாணவன் மூன்று ஷிஃப்டாவது இருந்தால்தான் பலன்: முதல் ஷிஃப்டில் மிரண்டு நிற்பான், இரண்டாவதில் கேள்வி கேட்பான், மூன்றாவதில்தான் கேட்காமலே தண்ணீர் ஜக்கை நிரப்புவான். 120 பேருக்கு 360 ஷிஃப்டு. ஒரு வார்டில் ஒரு ஷிஃப்டுக்கு நாலு பேருக்கு மேல் விட்டால் கவுண்டர் கூட்டம்தான். ஆறு வார்டு, காலை மத்தியானம் இரண்டு ஷிஃப்டு என்றால் ஒரு நாளைக்கு 48 பேர். ஏழரை நாள் ஆகும். வார்டுக்கு ஒரு சிஐ என்றால் 90 சிஐ ஷிஃப்டு. லேபுக்கு? ஆறு பேர் கொண்ட 20 குழு, குழுவுக்கு மூன்று அரை நாள், ஆக 60 டியூட்டர் வகுப்பு. பஸ் வாடகை மட்டும் என்று நினைத்த வார்டு, ஆள் கணக்கில் லேபையே தாண்டிவிட்டது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் தேநீர் போட எழுந்தேன்.

தேநீர் ஆறுவதற்குள் வழி கிடைத்தது. மூன்று தாளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, வேலைகளைப் பிரித்துப் பார்த்தோம். கை கழுவுவது, பிரஷர், நாடி, சூடு, மூச்சு ஆகியவை சீனியருக்கு. மூன்று அரை நாளில் முதலாவது அது; ஒரு டியூட்டர் கூடத்தில் சுற்றி வந்து, பழைய தப்பைக் கைமாற்றுகிறார்களா என்று பார்த்தால் போதும். ஊசி, பிரானுலா, இரண்டு வகை டியூப் எல்லாம் லேபில், டியூட்டரிடம், மற்ற இரண்டு அரை நாள். குழு வகுப்பு இருபது குறைந்து 40 ஆகிறது. வார்டில் இந்தப் பத்து நாளில் ஊசி, டியூப் எதையும் தொடவே கூடாது. திருப்பிப் போடுவது, ஊட்டுவது, பெட்பேன், உள்ளே போன தண்ணீர் வெளியே வந்த தண்ணீர் எழுதுவது, ஷிஃப்டு மாறும்போது தாதிகள் ரிப்போர்ட் கொடுப்பதைக் கேட்பது, இவ்வளவுதான். குத்துகிற வேலை இல்லை என்பதால் பக்கத்துப் பக்கத்து வார்டு இரண்டை ஒரு சிஐ பார்த்துக்கொள்ளலாம். 90 பாதியாகி 45. முதல் குழுக்கள் லேபை முடித்ததும் மூன்றாம் நாளிலிருந்தே வார்டுக்குப் போனால், பத்து நாளுக்குள் இறுக்கமாக அடங்கும். நோயாளி மேல் முதல் ஊசி மூன்றாம் ஆண்டில், டியூட்டர் ஒருவர் மாணவர் ஒருவர் என்று. பக்கத்தில் நின்று பார்த்தவர் மட்டும்தான் கையெழுத்து போட வேண்டும். "பார்த்தான்" என்பதற்கு ஒரு கட்டம், "செய்தான்" என்பதற்குத் தனிக் கட்டம் புத்தகத்திலேயே வைக்கச் சொன்னேன்.

சிஐக்கு எங்கே போவது என்றாள். அரசாங்க வேலையிலிருந்து 60 வயதில் இறங்கிய சிஸ்டர்கள், உடம்பும் வாயும் நன்றாக இருப்பவர்கள், கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லாமலா போவார்கள்? நான் எனக்கே வேலை தேடிக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பினாங்குப் பாலம் தாண்டி அவ்வளவு தூரம் வேலைக்குப் போக என் முழங்கால் ஒத்துழைக்காது. சின்னக் கல்லூரி, மாணவர்கள் 40 பேர்தான், சொந்த ஆஸ்பத்திரியும் இருக்கிறது என்றால் என் பதில் மாறும். லேபை ஒரு நாளாகச் சுருக்கி, மிச்சம் முழுக்க வார்டிலேயே வைப்பேன். ஆஸ்பத்திரியில் தாதிகளுக்குத் தலைவியான மேட்ரன் ஒத்துவரவில்லை, சிஐக்குக் காசும் இல்லை என்றால் வார்டை விட்டுவிட்டு லேபோடு நிற்பதே மேல். ஆள் இல்லாத வார்டைவிட ஓட்டை விழுந்த ரப்பர் கை எவ்வளவோ பாதுகாப்பு.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி எல்லாரும் போட்டாயிற்றா, முழங்கைக்குக் கீழே கடிகாரம் வளையல் இல்லையா, நோயாளியிடம் "நான் மாணவன்" என்று சொல்லி அனுமதி கேட்கப் பழகியாயிற்றா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். அதில் எங்களுக்குள் பேச்சே இல்லை.

ஒன்றில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மூன்று ஷிஃப்டில் ஒன்று இரவு ஷிஃப்டாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை, இரண்டு மூன்று தாதி மட்டும், ரவுண்டு இல்லை, ஸ்பெஷலிஸ்ட் இல்லை. மூன்று மணிக்கு ஒரு தாத்தா எழுந்து உட்கார்ந்து, செத்துப்போன மனைவி பெயரைச் சொல்லி விளக்கைப் போடச் சொல்வார். அவருக்குக் காய்ச்சலா, சர்க்கரை இறங்கிவிட்டதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, இல்லை வெறும் பயமா என்று தாதி எப்படிப் பிரித்துப் பார்க்கிறாள் என்பதைப் பகலில் யாரும் காட்ட முடியாது. அவளோ, 19, 20 வயதுப் பெண் பிள்ளைகளை இரவில் விடுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது, காலையில் தூங்கி வழிந்துகொண்டு யார் திருப்பிக் கொண்டு வருவது, பஸ் அந்த நேரத்துக்கு வருமா என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறும்போதும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். "அந்த பஸ் கம்பெனியைக் கேட்டுட்டுச் சொல்றேன், சின்னம்மா" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டாள். இன்னும் சொல்லவில்லை.